சும்மா உட்கார்ந்திருந்த டாக்டர்

புக்கிட் பாருவில் ஒரு கல்யாண வீட்டில், இன்னும் வேலையில் இருக்கும் ஒரு நர்ஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆபத்தான கர்ப்பங்களை மட்டும் பார்க்கிற பிரிவில் அவளுக்கு வேலை. அந்தப் பிரிவுக்கென்று ஒரு மயக்க மருந்து டாக்டர் எந்நேரமும் அங்கேயே இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் கேட்கிறார்களாம். ஆபரேஷன் இல்லாத நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நிர்வாகம் திருப்பிக் கேட்கிறதாம்.

"உங்க காலத்துல எப்படி ஆன்ட்டி சமாளிச்சீங்க?" என்று கேட்டாள்.

"சமாளிக்கல" என்றேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பந்தியில் உட்கார்ந்து சொல்லக் கூடிய கதையும் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை செய்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. தர்மப் பணத்தில் நடந்த சிறிய இடம். பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்னும் மலாக்காவில்தான் இருக்கிறார்கள். காஜா பேராங் வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். நர்ஸ் பயிற்சி, பிறகு பிரசவப் பயிற்சி. அதில் சொல்ல அதிகமில்லை. எல்லாரையும் போல பெட்பேன் கழுவினேன், எல்லாரையும் போல திட்டு வாங்கினேன். நாட்டுக்குச் சுதந்திரம் வருகிற சமயத்தில் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். சீனர், மலாய்க்காரர், நம்மவர் யாராயிருந்தாலும் எங்களை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்போது மயக்க மருந்து கொடுத்தது பெரும்பாலும் டிரெஸ்ஸர் ஆரோக்கியசாமி. டாக்டருக்கு அடுத்த நிலையில் இருந்த ஆண் உதவியாளர்களை டிரெஸ்ஸர் என்போம். கம்பிக் கூடு மாதிரி ஒரு முகமூடி, அதன் மேல் துணி, துணியின் மேல் சொட்டுச் சொட்டாக ஈதர். நோயாளி எண்ணிக்கொண்டே தூங்கிப்போவார். அவருக்கு அதில் நல்ல கைப்பழக்கம். நல்ல மனிதரும்கூட. என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். யாருக்காவது வலித்தால் அவர் முகம் சுருங்கும்.

பண்டா ஹிலிர் திடலில் சுதந்திர நாள் அறிவிப்பு வந்த பிறகு வெள்ளைக்கார டாக்டர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். அவர்கள் போகப் போக ஆஸ்பத்திரியில் ஒரு மாதிரி சந்தேகம் குடிவந்தது. யார் அடுத்த ஹெட் ஆவார், யார் யாரைப் பற்றி மேலே என்ன சொல்கிறார் என்று ஆளுக்கு ஆள் கண்ணால் அளந்துகொண்டிருந்தோம். புதிய சூப்பரின்டெண்டென்ட் ஒரு சீன டாக்டர், உள்ளூர்க்காரர். 'நம்ம ஆளுங்களால இத நடத்த முடியாதுன்னு சொல்ல சில பேர் காத்துக்கிட்டிருக்காங்க' என்று அவர் எல்லாரிடமும் சொல்வார். அதைச் சொல்லும்போது எங்களையும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் கமலம் வந்தார். மதராஸ்காரர், நாற்பதை நெருங்கிய வயது, பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற மாதிரி பெரிய கைக்கடிகாரம். மயக்க மருந்துக்கென்றே படித்த டாக்டரை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. பிரசவத் தியேட்டரில் எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு நின்றேன்.

"செக் பண்ணியாச்சா சிஸ்டர்?"

"பண்ணியாச்சு டாக்டர்."

"யார் பண்ணாங்க?"

"நான்தான்."

"சரி. இப்ப நான் பண்றேன்."

ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தார். ஓசையைக் கேட்டதோடு விடவில்லை. முகமூடியைத் தன் முகத்திலேயே வைத்து மூச்சு இழுத்துப் பார்த்தார். உறிஞ்சு குழாயைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்தார். தொண்டைக்குள் பார்க்கிற கருவியின் விளக்கை உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். மருந்துப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைச் சத்தமாகப் படித்தார். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. என்னைப் பொய் சொல்கிறவள் என்று நினைக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

கர்ப்பிணிகளிடமும் அப்படித்தான். கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்பார். வேறு ஏதோ பேசிவிட்டு, காலையில் வீட்டில் யார் சமைத்தது என்பார். போகும்போது, பசிக்கிறதா என்பார். மூன்று பதிலும் ஒத்துப்போனால்தான் விடுவார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் தாடையையும் பார்ப்பார். பார்க்க வந்த உறவுக்காரர்கள், இந்த டாக்டர் எதற்குப் பல்லை எண்ணுகிறார் என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாமல் போனது அவர் உட்கார்ந்திருந்ததுதான். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரக்கூடிய தாய், இதயக் கோளாறு உள்ள தாய், மாதம் நிறையும் முன்பே ரத்தம் போகிற தாய் என்று சிலரைப் பொறுக்கியெடுத்துத் தியேட்டரை ஒட்டிய அறையில் படுக்கவைப்பார். பிறகு வாசலில் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டு, ஆங்கிலப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார். பொதுத் தியேட்டர் எதிர்க் கட்டடத்தில் இருந்தது. நடுவில் கூரை போட்ட நடைபாதை. அங்கேயிருந்து ஆள் வந்து கூப்பிட்டால், போக முடியுமானால் போவார். உள்ளே அப்படி ஒரு தாய் இருந்தால், இன்னொரு ஆள் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். இன்னொரு ஆள் எங்கே இருக்கிறார்? ஆஸ்பத்திரிக்கே அவர் ஒருத்தர்தான். இரண்டு பேர் வேண்டும் என்று வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் டீ குடிக்கும்போது ஆரோக்கியசாமி அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தம்மா ஏன் பெரிய தியேட்டர் பக்கமே வர்றதில்லன்னு தெரியுமா தங்கச்சி?"

"ஏன்?"

"இதுக்கு முன்ன வேலை செஞ்ச எடத்துல ஒரு கேஸ் போயிருச்சாம். அதான் பயம். இங்க வந்து சும்மா உக்காந்துகிட்டு சம்பளம் வாங்குறாங்க லா."

நான் நம்பினேன். நம்புவதற்குத் தயாராக இருந்தேன். அன்றிலிருந்து அவர் நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது.

சுதந்திரம் கிடைத்துச் சில மாதங்கள் ஆகியிருக்கும். காஜா பேராங்கிலேயே, செட்டி கம்போங் என்ற குடியிருப்பிலிருந்து தேவி என்ற பெண் வந்து சேர்ந்தாள். செட்டிகள் நம்மைப் போலவே சாமி கும்பிடுவார்கள். வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். அவளுக்கு நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்துக்கொண்டு இருந்தது. இரண்டு முறை வலியே இல்லாமல் ரத்தம் போய் நின்றிருந்தது. மூன்றாம் முறை எப்போது வரும், நிற்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே உடம்பில் ரத்தம் குறைவு, உதடு வெளுத்திருந்தது. சின்னத் தாடை வேறு. டாக்டர் அவள் வாயைப் பார்த்துவிட்டு நாற்காலியை வழக்கத்தைவிட உள்ளே தள்ளிப் போட்டார்.

மறுநாள் முற்பகலில் பொதுத் தியேட்டரிலிருந்து அட்டெண்டன்ட் ஓடிவந்தான். ஆற்றோரக் கிடங்கில் மூட்டை தூக்குகிற முத்தையா என்பவருக்குக் குடல் முறுக்கிக்கொண்டு வயிறு கல்லாகியிருக்கிறது, சர்ஜன் உடனே வயிற்றைத் திறக்க வேண்டும், டாக்டரைக் கூப்பிடுகிறார். தேவி அப்போது தலையணையில் சாய்ந்து அமைதியாக இருந்தாள். ஒரு துளி ரத்தம் இல்லை.

டாக்டர் கமலம் தேவியைப் பார்த்தார். நடைபாதையைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் தடுமாற்றத்தைக் கண்டேன்.

"சிஸ்டர், நீங்களே போங்க. நான் இவள விட்டுட்டு வர முடியாது. டிரெஸ்ஸர் ஈதர் குடுக்கட்டும். ஆனா முதல்ல பெரிய குழாயப் போட்டு வயித்த முழுசா காலி பண்ணணும். அதுக்கப்புறம்தான் ஈதர். இதச் சொல்லிட்டு வாங்க."

போனேன். சர்ஜன் தண்ணீர்க் குழாயடியில் முதுகைக் காட்டிக் கை கழுவிக்கொண்டிருந்தார், தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. கதவருகில் ஏப்ரன் கட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியசாமி அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, டாக்டர் வர முடியலயாம். டியூப் போட்டு வயித்த காலி பண்ணிட்டுத்தான் ஈதர் ஆரம்பிக்கணுமாம்."

"தெரியும், தெரியும்" என்றார். நான் திரும்பி வந்தேன்.

வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தேவி "மிஸ்ஸி" என்று மெல்லக் கூப்பிட்டாள். போர்வையை விலக்கினேன். மெத்தை நனைந்திருந்தது. நாற்காலி நகர்ந்த சத்தம் என் பின்னால் கேட்டது.

பிரசவ டாக்டர் அந்த வார்டிலேயே இருந்தார். தேவியைத் தள்ளிக்கொண்டு தியேட்டருக்குள் போவதற்குள் டாக்டர் கமலம் அவள் கையில் ரத்தம் ஏற்ற ஊசி போட்டுவிட்டார். கதவருகே நின்ற மாமியாரைப் பார்த்து, "இன்னிக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். நான் மலாயில் கேட்டேன்.

"தா மாக்கான், மிஸ்ஸி. ஆயர் சாஜா." சாப்பிடவே இல்லை, தண்ணீர் மட்டும்தான் என்று அந்த அம்மா கையை விரித்தார். தேவியும் தலையாட்டினாள்.

"குழாய எடுங்க" என்றார் டாக்டர்.

எனக்குக் கோபம். ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இவருக்கு எதிலும் நம்பிக்கை இல்லை. தேவியின் தலையை நான் பிடித்துக்கொள்ள, அவர் தொண்டை வழியாகக் குழாயை இறக்கினார். அவள் குமட்டித் துடித்தாள், என் மணிக்கட்டில் நகம் பதிந்தது. குழாயின் மறுமுனையிலிருந்து கிண்ணத்தில் வெள்ளையாக வந்தது: அரிசிக் கஞ்சி. கோழிச் சதையின் நார்கூட இருந்தது. காலையில் மாமியார் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து, தெம்பு வரட்டும் என்று ஊட்டியிருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

வருவது நிற்கும்வரை டாக்டர் காத்திருந்தார். பிறகு மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முகமூடியில் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தார். கையில் மருந்து ஏறியதும் அவள் கண் செருகியது. அடுத்த மருந்தில் உடம்பு முழுவதும் தளர்ந்தது, மூச்சும் நின்றது. இனி அந்த உயிர் அவர் கையில். கருவியை வாய்க்குள் விட்டார். சின்னத் தாடை, எதுவும் தெரியவில்லை. வெளியே எடுத்து மறுபடி ஆக்சிஜன் கொடுத்தார். மீதமிருந்த கஞ்சி கொஞ்சம் தொண்டைக்கு ஏறி வந்தது; நான் குழாயால் உறிஞ்சினேன். வயிற்றில் இருந்தது முழுவதும் வந்திருந்தால் என் குழாய் எந்த மூலைக்கு? இரண்டாம் முறை மூச்சுக்குழாய் உள்ளே போனது. "வெட்டுங்க" என்றார்.

குழந்தை நீலமாக வந்தது, பிறகு அழுதது. ஆண் பிள்ளை. ஒரு கையால் மூச்சுப் பையை அழுத்திக்கொண்டு, மறு கையால் ரத்தப் பாட்டிலை மாற்றச் சொல்லி, கண்ணால் என்னைக் குழந்தையின் பக்கம் போகச் சொன்னார். இரண்டு ஆள் வேண்டும் என்று அவர் ஏன் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது. தேவி பிழைத்தாள்.

தியேட்டரை விட்டு வெளியே வந்தபோது நடைபாதையில் ஓர் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முத்தையாவின் மனைவி. ஈதர் கொடுக்க ஆரம்பித்ததுமே முத்தையாவுக்குப் பெரிய வாந்தி வந்து, எல்லாம் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. வயிற்றைத் திறக்கும் முன்பே உயிர் போய்விட்டது.

"மிஸ்ஸி, எங்க வீட்டுக்காரருக்கு வர வேண்டிய டாக்டரு எங்க உக்காந்திருந்தாங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். சொல்லாமல் தேவியின் பக்கம் திரும்பி நடந்தேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"டியூப் விஷயத்த சொன்னீங்களா?"

"சொன்னேன் டாக்டர்."

"எந்த வார்த்தைல சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

சூப்பரின்டெண்டென்ட் விசாரணை வைத்தார். ஆரோக்கியசாமி அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "மிஸ்ஸி வந்தாங்க. டாக்டர் வரமாட்டாங்கன்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல." சர்ஜனுக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

பிறகு டாக்டர் கமலத்தின் முறை. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

"உங்களைக் கூப்பிட்டபோது அந்தப் பெண்ணுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்ததா?"

"இல்லை."

"அப்படியானால் ஒன்றும் நடக்காத இடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்."

"ஆமாம். நடக்க ஆரம்பித்த பிறகு அங்கே போனால் பயனில்லை." பிறகு சொன்னார்: "இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு தாயை விட்டுவிட்டு, கூப்பிட்டார்கள் என்று இன்னொரு தியேட்டருக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை. இந்தத் தடவை போகவில்லை, இன்னொருவர் இல்லை. என்னை எந்த இடத்தில் நிறுத்தினாலும் மற்ற இடம் காலிதான்."

ஆரோக்கியசாமி அண்ணன் சொன்ன வதந்தி உண்மைதான். ஆனால் அவர் சொன்ன மாதிரி இல்லை.

விசாரணையில் யார் மேலும் குற்றம் என்று முடிவாகவில்லை. முடிவாகாதது தண்டனையைவிட மோசம். யார் பொய் சொல்கிறார் என்று ஆஸ்பத்திரியே இரண்டாகப் பிரிந்து முணுமுணுத்தது. நான் டீ குடிக்கிற இடத்தை மாற்றிக்கொண்டேன். சில மாதம் கழித்து இரண்டாவது மயக்க மருந்து டாக்டர் வந்தார். பிழைத்த தாயைக் காட்டி டாக்டர் கமலம் கேட்டிருந்தால் ஆள் வந்திருக்காது. செத்த மனிதரைக் காட்டி சூப்பரின்டெண்டென்ட் கேட்டதால் வந்தது.

டாக்டர் ஒரு புது வழக்கத்தையும் கொண்டுவந்தார். ஒருவர் வாய்மொழியாகத் தகவல் சொன்னால், கேட்டவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் சொன்னவர் நகரக் கூடாது. அந்த வழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும்போதெல்லாம் என் காது சுட்டது.

ஒப்பந்தம் முடிந்து அவர் ஊருக்குப் புறப்பட்ட அன்று கேட்டேவிட்டேன்.

"டாக்டர், அன்னைக்கு நான் சொன்னத நம்புறீங்களா?"

யோசித்துத்தான் பதில் சொன்னார். "உங்கள ரொம்பப் பிடிக்கும் சிஸ்டர். சொல்லியிருப்பீங்கன்னு நினைக்கிறேன். ஆனா தெரியும்னு சொன்னா அது பொய்."

அந்தப் பதில் என்னைப் பல வருடம் உறுத்தியது.

எனக்கும் ஓய்வு கிடைத்து நாளான பிறகு, ஆரோக்கியசாமி அண்ணன் படுக்கையில் விழுந்துவிட்டார், பார்க்க விரும்புகிறார் என்று அவர் மகள் சொல்லியனுப்பினாள். எதற்குக் கூப்பிடுகிறார் என்ற சந்தேகத்தோடேதான் போனேன். மகள் அடுப்படிக்குப் போனதும் அவர் பேசினார்.

"நீ சொன்னே, தங்கச்சி. நான் கேட்டேன்."

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"குழாயக் கையில எடுத்துட்டேன். அந்த ஆளு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. 'அண்ணே, எல்லாத்தையும் வாந்தி எடுத்துட்டேன், உள்ள ஒண்ணுமே இல்ல, அது மட்டும் வேணாம்'னு கெஞ்சுனாரு. ரொம்ப சூசா, கஷ்டமா இருந்துச்சு பார்க்க. விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"பிள்ளைங்கள்லாம் அப்பதான் ஸ்கூலுக்குப் போய்க்கிட்டிருந்துச்சுங்க."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் எலும்பு துருத்திய கையைப் பார்த்தால் வரவில்லை. டாக்டரிடம் சொல்லலாம் என்றால், அவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றே தெரியாது. மதராஸ் போய் வந்தவர்களிடம் விசாரித்துப் பார்த்தேன். பயனில்லை. ஆனால் இன்னொருவர் மலாக்காவிலேயே இருந்தார்.

முத்தையாவின் மனைவி செங் என்ற இடத்தில், ஃபேக்டரியில் வேலை செய்யும் மகனோடு இருந்தார். ஆரோக்கியசாமி அண்ணனை அடக்கம் செய்த பிறகுதான் போனேன். யார் என்று சொன்னதும் அந்த அம்மா என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. வந்த காரணத்தைச் சந்தேகப்படுவது தெரிந்தது. நின்றுகொண்டே சொன்னேன். டாக்டர் ஏன் வர முடியவில்லை என்று, என்ன சொல்லியனுப்பினார் என்று, முத்தையா எதற்காகக் கெஞ்சினார் என்று.

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவருக்கு தொண்டையில எதுவும் படக் கூடாது. மாத்திரைகூட முழுங்க மாட்டாரு. இடிச்சுத் தேன்ல கலந்துதான் குடுப்பேன்" என்றார். பிறகு, "ஒக்காருங்க மிஸ்ஸி" என்றார்.

உட்கார்ந்தேன்.

"அந்தப் புள்ளத்தாச்சி பொழைச்சாளா?"

"பிழைச்சா. ஆம்பளப் பிள்ளை."

தலையை ஆட்டிக்கொண்டார். "இத்தன வருஷமா காலையில சாமி கும்புடும்போது அந்த டாக்டரத் திட்டாம இருந்ததில்ல. பேருகூட தெரியாமத்தான் திட்டிக்கிட்டிருந்தேன். என்னா பேரு அவங்களுக்கு?"

"கமலம்."

"கமலம்" என்று அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.